அடிபம்புத் தண்ணீரில் எந்த உப்பு? வீட்டு மேசையில் கண்டுபிடிக்கும் வழி

"டீச்சரம்மா, குக்கர்ல எட்டு விசில் விட்டும் துவரம்பருப்பு அப்படியே கெடக்கு. தண்ணி கெட்டுப்போச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

போன ஆண்டு மே மாதக் கடைசியில் ஒரு காலை, பக்கத்துத் தெரு மதினி சொம்போடு வந்து நின்றார். அவர் பின்னாலேயே அவருடைய கொழுந்தனார் ஒரு பாட்டிலோடு வந்தார். "என் தண்ணியையும் பாருங்க டீச்சர். தென்னங்கன்னு ஓலை நுனியெல்லாம் கருகுது. ரெண்டு வீட்டுலயும் கடல் ஏறிடுச்சுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில், முள்ளியாற்றுப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பிளஸ் டூ பிள்ளைகள் 'சால்ட்' என்று சொல்லும் உப்புப் பகுப்பாய்வை வருடாவருடம் செய்யவைத்த கை இது. அந்தச் சோதனைகளையே கிணற்றுத் தண்ணீருக்கு ஏற்றபடி செய்வது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன். பள்ளி ஆய்வகம் கைக்கெட்டும் ஆசிரியர்களுக்கும், கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'உப்புத் தண்ணி'. ஆனால் கடல் ஏறினால் வருவது ஒரு உப்பு, வயலில் போட்ட ஜிப்சத்திலிருந்து வருவது இன்னொன்று, கழிப்பறைக் குழியிலிருந்து கசிந்து வருவது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய காரியமும் வேறு. டிடிஎஸ் மீட்டர் வாங்கி வைத்திருப்பவர்கள் 1500 என்று எண்ணைக் காட்டிக் கேட்பார்கள். மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் அந்த எண் சொல்லும். எது கரைந்திருக்கிறது என்பதை அயனி அயனியாக (உப்பு கரையும்போது பிரியும் மின்னேற்றத் துகள்தான் அயனி) கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய்க்கிருமியோ பூச்சிமருந்தோ ஆர்சனிக்கோ இந்தச் சோதனைகளில் தெரியாது. இவற்றில் எல்லாம் சரியாக வந்தாலும் 'குடிக்கலாம்' என்று யாருக்கும் எழுதிக்கொடுக்காதீர்கள்.

தண்ணீர் எடுப்பது

பாதி தவறு இங்கேதான் நடக்கிறது. அடிபம்பு என்றால் முதல் ஐம்பது அடியை அடித்துக் கொட்டிவிடுங்கள். மோட்டார் என்றால் பத்து நிமிடம் ஓடட்டும். இரவெல்லாம் குழாய்க்குள் நின்ற தண்ணீரில் குழாயின் துரு கலந்திருக்கும். ஒரு லிட்டர் குடிதண்ணீர் பாட்டில் போதும். ஊறுகாய் பாட்டில், பினாயில் பாட்டில் வேண்டவே வேண்டாம். சோப்புப் போடாமல் கழுவி, எடுக்கப்போகிற தண்ணீராலேயே மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் வாய்வரை நிரப்பி மூடுங்கள்.

பாட்டிலில் ஒரு தாளை ஒட்டி நாள், இடம், எத்தனை அடி ஆழம், கழிப்பறைக் குழி எவ்வளவு தூரம், ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வி எங்கள் டெல்டாவுக்கு மிக முக்கியம். மேட்டூர் திறப்பது வழக்கப்படி ஜூன் 12. அது கல்லணை வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, கடைமடைக்கு வந்து சேர இன்னும் நாளாகும். ஆறு வற்றிக் கிடக்கும் மே மாதத்தில் எடுத்த தண்ணீரும், வடகிழக்குப் பருவமழை ஊறிய பிறகு தை மாதத்தில் எடுத்த தண்ணீரும் ஒரே பம்பில் வந்தாலும் ஒரே தண்ணீர் இல்லை. ஆண்டுக்கு இந்த இரண்டு முறையாவது பார்க்க வேண்டும்.

மூன்று குழாய்

எந்தச் சோதனைக்கும் மூன்று சோதனைக் குழாய் வையுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் தேடுகிற அயனி இருப்பது நிச்சயமாகத் தெரிந்த கரைசல், மூன்றாவதில் உங்கள் தண்ணீர். மூன்றிலும் ஒரே கரைசலை ஒரே அளவு விட்டு, கறுப்புத் தாளைக் குழாய்களுக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை பேட்டரிக்கு ஊற்றும் நீர் என்று கடையில் விற்ற கேனை நம்பி, வெற்றுச் சோதனை (அந்த நீரை மட்டும் தனியாகச் சோதிப்பது) செய்யாமல், அதிலேயே ஒரு பாட்டியின் கிணற்றுத் தண்ணீரை நீர்த்துச் சோதித்தேன். குழாய் வெள்ளையாகக் கலங்கியது. குளோரைடு அதிகம் என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதம் அவர் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். பிறகு அந்தக் கேன் தண்ணீரை மட்டும் தனியாகச் சோதித்தபோது அதுவே கலங்கியது. பாட்டி வீட்டுக்குப் போய்த் தவறு என்னுடையது என்று சொன்னேன். குடம் சுமந்த அவருடைய இடுப்புவலி இன்னும் எனக்கு உறுத்துகிறது. வெற்றுக் குழாய் கலங்கினால் அன்றைக்குச் சோதனையே கிடையாது. புதுக் கேன் வாங்கி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். கடற்காற்றில் உப்பு மிதப்பதால் எங்கள் பக்க மழைநீரிலும் லேசாகக் குளோரைடு தெரியும், அது உதவாது.

குளோரைடு

வேண்டியது சில்வர் நைட்ரேட். 1.7 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 100 மில்லி ஆக்கி, பழுப்புப் பாட்டிலில் அலமாரிக்குள் வையுங்கள். வெளிச்சம் பட்டால் கெடும். விலை கூடிய பொருள், சிந்தாமல் பாருங்கள். விரலில் பட்டால் கறுத்து, ஒரு வாரமானாலும் போகாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

குழாயில் 5 மில்லி தண்ணீர். முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் ஐந்தாறு துளி. இதைத் தவிர்க்காதீர்கள். கார்பனேட்டும் பாஸ்பேட்டும்கூட வெள்ளியோடு சேர்ந்து வீழ்படிவு (கரையாமல் பிரிந்து படியும் பொருள்) தரும். அமிலம் இருந்தால் அவை கரைந்துவிடும், குளோரைடு மட்டும் நிற்கும். அமிலம்தானே என்று கைக்குக் கிடைத்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டுவிடும் பிள்ளைகளை ஒவ்வொரு ஆண்டும் பார்த்திருக்கிறேன். அதிலேயே குளோரைடு இருக்கிறது. காய்ச்சி வடித்த நீர்கூடப் பாலாகிவிடும்.

இப்போது சில்வர் நைட்ரேட் ஒரு துளி. குழாயைக் கண் மட்டத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாக விடுங்கள். துளி விழுந்த இடத்திலிருந்து வெள்ளைப் புகை போல ஒரு நூல் கீழே இறங்கும். குளோரைடு குறைந்த தண்ணீரில் அந்த நூல் கலைந்து, குழாய் முழுக்க நீலம் ஓடிய மெல்லிய கலங்கலாக நின்றுவிடும், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. குளோரைடு நிறைந்த தண்ணீரில் மேலும் சில துளி விட்டதும் எலுமிச்சை பிழிந்த பால் திரிவது போலத் திரியும். குலுக்கினால் திப்பி திப்பியாகக் கூடி அடியில் உட்காரும். திண்ணை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் அந்த வெள்ளை ஊதா கலந்த சாம்பலாக மாறும். உறுதி செய்ய, அம்மோனியம் ஹைட்ராக்சைடு விட்டுக் குலுக்குங்கள், தயிர் கரைந்து தெளியும். தெளிந்த கையோடு நைட்ரிக் அமிலம் விட்டு மறுபடி வெளுக்கச் செய்து கொட்டிவிடுங்கள். அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை நாள்கணக்கில் வைத்தால் வெடிக்கும் பொருள் உண்டாகலாம்.

மதினியின் சொம்புத் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீரானது. கொழுந்தனாரின் பாட்டில் தயிரானது. ஊர்ப்பேச்சு அங்கேயே பாதி பொய்த்துவிட்டது.

எவ்வளவு என்று துளி எண்ணியே ஓரளவு சொல்லலாம். இதற்கு அமிலம் கூடாது. 10 மில்லி தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து, பொட்டாசியம் குரோமேட் கரைசல் இரண்டு துளி விட்டால் எலுமிச்சை மஞ்சளாகும். அதில் அதே சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் செம்பொட்டு வைத்த மாதிரி தோன்றி, கலக்கினதும் மறையும். குளோரைடு தீர்ந்ததும் அந்தச் சிவப்பு மறையாமல் மஞ்சள் முழுக்கச் செங்கல் சாயல் ஏறும். அங்கே நிறுத்துங்கள். உங்கள் டிராப்பரில் 20 சொட்டு 1 மில்லி என்றால் (அளந்து பாருங்கள், எல்லா டிராப்பரும் ஒன்றில்லை) ஒரு சொட்டு என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் குளோரைடு. குடிநீருக்கான இந்திய தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 250 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1000 வரை. அதாவது 14 சொட்டு, 56 சொட்டு. காய்ச்சி வடித்த நீருக்கே ஒரு சொட்டு செலவாகும், அதைக் கழித்துவிடுங்கள். குரோமேட் நச்சு, வெறுங்கையில் தொடக் கூடாது. மதினி வீட்டுத் தண்ணீர் 9 சொட்டு எடுத்தது. கொழுந்தனார் வீட்டுத் தண்ணீர் 70.

சல்பேட்

இது சுருக்கம். 5 மில்லி தண்ணீர், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஐந்து துளி (இங்கே அது சரி), பேரியம் குளோரைடு கரைசல் பத்துத் துளி. வெள்ளைப் பொடி போன்ற வீழ்படிவு, நீர்த்த அமிலம் எதிலும் கரையாது. தயிராகத் திரளாமல் மாவு போலத் தூளாக இருக்கும். பேரியம் குளோரைடு விஷம். வாயால் பிப்பெட் உறிஞ்சும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

இந்தச் சோதனையில் மதினியின் தண்ணீர் சட்டென்று கெட்டியாக வெளுத்தது. குளோரைடு குறைவு, சல்பேட் மிகுதி. கடல் நீரில் லிட்டருக்குக் குளோரைடு சுமார் 19 கிராம், சல்பேட் 2.7 கிராம். ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. கடல் ஏறிய தண்ணீரில் குளோரைடுதான் தூக்கலாக நிற்க வேண்டும். இங்கே தலைகீழாக இருக்கிறது. அப்படியென்றால் இந்தச் சல்பேட் வேறெங்கிருந்தோ வருகிறது.

கால்சியமும் மக்னீசியமும்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பருப்பை வேகவிடாமலும் சோப்பை நுரைக்கவிடாமலும் செய்வது இந்த இரண்டும்தான். எது கூடுதல் என்று பார்த்தால் தண்ணீரின் பிறந்த ஊர் தெரிந்துவிடும்.

10 மில்லி தண்ணீரில் அம்மோனியம் குளோரைடு அரைக் கரண்டி கரையுங்கள். ஆய்வகத்துச் சின்னக் கரண்டியைச் சொல்கிறேன். பிறகு அம்மோனியா வாடை மேலே வரும்வரை அம்மோனியம் ஹைட்ராக்சைடு. அம்மோனியம் குளோரைடை முதலில் போடாவிட்டால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாக இறங்கி எல்லாவற்றையும் குழப்பிவிடும். பாடத்தில் பொது அயனி விளைவு என்று படித்தது இதுதான். இப்போது அம்மோனியம் ஆக்சலேட் கரைசல் விடுங்கள். கால்சியம் இருந்தால் மோர் போல வெளுக்கும். குறைவாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், லேசாகச் சூடாக்கினால் சீக்கிரம் வரும்.

பத்து நிமிடம் நிற்கவிட்டு வடிதாளில் வடிகட்டுங்கள். தெளிவு கிடைக்கும்வரை இரண்டு முறை வடித்தாலும் பரவாயில்லை. வடிந்த நீரில் இன்னும் ஒரு துளி ஆக்சலேட் விட்டுப் பாருங்கள். கலங்கினால் கால்சியம் இன்னும் மிச்சம், மறுபடி வடிகட்ட வேண்டும். கலங்காவிட்டால் அதில் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசல் விடுங்கள். பெரும்பாலும் உடனே ஒன்றும் தெரியாது. 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கண்ணாடிக் குச்சியால் குழாயின் உள்சுவரை, தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில், கீச்சுச் சத்தம் கேட்கும்படி நாலைந்து முறை தேயுங்கள். அப்புறம் குழாயை அசையாமல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். குச்சி தேய்த்த கோட்டிலேயே வெள்ளையாக ஒரு கீற்று படியும். கோலப்பொடியால் மெல்லிழை இழுத்தது போல இருக்கும். பிறகு அதிலிருந்து சின்னச் சின்னப் படிகங்கள் உதிரத் தொடங்கும். அது மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

கடல் நீரில் மக்னீசியம் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம்தான். மூன்று பங்குக்கு மேல். சாதாரண ஊற்றுத் தண்ணீரில் பெரும்பாலும் கால்சியமே கூடுதலாக இருக்கும். வேதாரண்யம் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு இது நாக்கிலேயே தெரியும். உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் தண்ணீர் உப்புக் கரிப்பதோடு கசக்கும், அந்தக் கசப்பு மக்னீசியம். ஒரு கிணற்றில் உப்போடு மக்னீசியமும் முந்தி நின்றால் கடலைச் சந்தேகிக்கலாம்.

மதினி தண்ணீரில் ஆக்சலேட் விட்டதும் குழாய் மோரானது. மக்னீசியக் கீற்று அரைகுறையாகத்தான் வந்தது. கொழுந்தனார் தண்ணீரில் கால்சியம் கொஞ்சம், மக்னீசியக் கீற்றோ தேய்த்த உடனே பளிச்சென்று விழுந்தது.

"மதினி, வயல்ல ஜிப்சம் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டோமே. உவர் நிலம்னு ஆபீசர் சொல்லி, போன வருஷம் மூட்டை மூட்டையா எறைச்சாரு உங்க அண்ணன். பம்பு அந்த வயல் வரப்புலதான இருக்கு."

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். மண்ணின் சோடியத்தைத் தள்ளிவிட்டுக் கால்சியம் அங்கே உட்காருவதற்காகப் போடுவது, நல்ல காரியம்தான். மிச்சம் கரைந்து மேலூற்றில் இறங்கியிருக்கிறது. இந்தக் கடினத்தன்மை கொதிக்க வைத்தாலும் போகாது. சமையலுக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ மாடியில் பிடித்த மழைநீரோ வைத்துக்கொள்ளுங்கள், துணிக்குச் சலவைச் சோடா போடுங்கள், இரண்டு மழைக்காலம் போனால் குறைய வாய்ப்புண்டு என்று சொல்லி அனுப்பினேன்.

கொழுந்தனார் விஷயம் வேறு. 30 அடியில் தண்ணீர் குறைகிறதென்று போரை 90 அடிக்கு இறக்கியிருந்தார். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, ஆடை போல. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே நாற்பது அடி அளவுக்கு உப்பைத் தாங்கிப் பிடிக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி உறிஞ்சினால் கீழே நாற்பது அடி உப்பு ஏறிவரும். ஆழம் போனால் நல்ல தண்ணீர் வரும் என்பது மேட்டு ஊர்க் கணக்கு, எங்கள் மணலுக்குப் பொருந்தாது. 90 அடிப் போரை மூடிவிட்டுப் பழைய 30 அடியில் சின்ன மோட்டார் வைத்து, ஒரு மணி நேரம் ஓட்டி இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுங்கள் என்றேன்.

சோடியத்தைத் தேடிச் சுடர் சோதனை செய்ய ஆசைப்படுவார்கள். கிணற்றுத் தண்ணீர் எல்லாமே பிளாட்டினக் கம்பியில் மஞ்சளாக எரியும், மற்ற நிறங்களை அது மறைத்துவிடும். நேரம் வீண்.

பைகார்பனேட்

அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும் என்று பாடத்தில் படித்ததைக் கிணற்றுத் தண்ணீரில் எதிர்பார்க்காதீர்கள். இருக்கும் அளவுக்குக் குமிழி கண்ணுக்குத் தெரியாது. 100 மில்லியைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். வெள்ளையாகக் கலங்கி, ஓரத்தில் செதிள் ஒட்டினால் பைகார்பனேட் கடினத்தன்மை. இன்னொரு வழி சுண்ணாம்பு நீர். கும்பகோணம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, ஓர் இரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து மூடி வையுங்கள். அதைத் தண்ணீரில் விட்டால் பைகார்பனேட் வெளுக்கும். மக்னீசியம் மிகுந்தாலும் பஞ்சு பஞ்சாகக் கலங்கும், ஆகவே கொதி சோதனையையும் சேர்த்தே பாருங்கள்.

இரும்பு

பம்பிலிருந்து கண்ணாடி மாதிரி வரும் தண்ணீர், விடிந்து பார்த்தால் குடத்தடியில் செம்பழுப்பு வண்டல். நிலத்தடியில் காற்றில்லாமல் ஃபெரஸ் நிலையில் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் ஃபெரிக்காகிப் படிகிறது. ஆகவே இதைப் பம்படியிலேயே சோதிக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் பார்த்தால் இரும்பு பாட்டில் அடியில் கிடக்கும், குழாயில் தெரியாது. 5 மில்லியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு துளி, மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி, பிறகு பொட்டாசியம் தயோசயனேட் சில துளி. ரத்தச் சிவப்பு வந்தால் இரும்பு நிறைய. வெளிர் ரோஜா என்றால் கொஞ்சம். பெராக்சைடு ஃபெரஸை ஃபெரிக்காக்குகிறது. அது இல்லாமல் தயோசயனேட் பாதி இரும்பைக் காட்டாது. ரசாயனம் கையில் இல்லையென்றால் கடுக்காய்ப் பொடியை ஊறவைத்த தண்ணீரை விட்டுப் பாருங்கள், இரும்பு இருந்தால் கருநீலமாகும். அந்தக் காலத்தில் கடுக்காயும் இரும்பு உப்பான அன்னபேதியும் கலந்து மை செய்தது இதே வினையில்தான்.

அம்மோனியமும் நைட்ரேட்டும்

குழந்தை இருக்கும் வீடு என்றால் நான் முதலில் செய்வது இது. அம்மோனியம் தெரிந்தால் சாக்கடையோ மாட்டுத் தொழுவமோ கழிப்பறைக் குழியோ பக்கத்தில் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். 5 மில்லியில் ரோச்சல் உப்புக் கரைசல் நாலைந்து துளி விட்டுவிட்டு (ஃபெலிங் கரைசல் செய்யப் பள்ளியில் வைத்திருப்பார்கள்), நெஸ்லர் கரைசல் இரண்டு துளி. மஞ்சள் என்றால் கொஞ்சம், பழுப்பு என்றால் நிறைய. ரோச்சல் உப்பு விடாவிட்டால் எங்கள் கடினத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கலங்கி நிறத்தை மறைக்கும். நெஸ்லர் கரைசலில் பாதரசம் இருக்கிறது. ஒரு துளிகூட வாய்க்காலில் போகக் கூடாது.

நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையம். பள்ளியில் உப்பைக் கரைத்துச் செய்யும்போது அழகாக வரும், கிணற்றுத் தண்ணீரில் நேராகச் செய்தால் பெரும்பாலும் வராது. அவ்வளவு நுட்பமான சோதனை இல்லை அது. 100 மில்லியைப் பீங்கான் கிண்ணத்தில் 2 மில்லியாகும்வரை சுண்டவைத்து ஆறவிடுங்கள். அதைச் சோதனைக் குழாயில் ஊற்றி, அன்றைக்கே கரைத்த ஃபெரஸ் சல்பேட் 2 மில்லி சேருங்கள். பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், காவி ஏறியிருந்தால் உதவாது. குழாயைச் சாய்த்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோடு ஒட்டி, விளக்கெண்ணெய் இறங்குவது போல மெதுவாக இறக்குங்கள். குலுக்காதீர்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் விழும். உப்பு மிகுந்த தண்ணீர் என்றால் அமிலம் பட்டதும் காட்டமாகப் புகையும், முகத்தைத் தள்ளி வையுங்கள். இதை மாணவர்கள் தனியாகச் செய்ய விடாதீர்கள்.

வளையம் வந்தால் 'நைட்ரேட் இருக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதில் தளர்வே கிடையாது. தாண்டியதா என்று சொல்ல அளவுச் சோதனை வேண்டும். மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது, அங்கே கொடுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் ஊராட்சியில் யார் என்று கேட்டால் நிற அட்டையோடு ஒப்பிட்டே ஓரளவு தெரிந்துவிடும். முடிவு வரும்வரை கைக்குழந்தைக்குப் பால் கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டாம். அளவு மீறிய நைட்ரேட் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாது, உடல் நீலம் பாரிக்கும். "காய்ச்சித்தானே குடுக்குறேன்" என்று தாய்மார்கள் சொல்வார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும்.

முடித்த பிறகு

வெள்ளி, பேரியம், குரோமேட், பாதரசம் பட்ட கழிவுகளைத் தனித்தனிப் பாட்டிலில் ஊற்றிப் பெயர் எழுதி மூடி, பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்தில் ஒப்படையுங்கள். நல்ல தண்ணீரைத் தேடி இறங்கிய வேலையில் நாமே வாய்க்காலில் நஞ்சு ஊற்றக் கூடாது. மற்ற அமிலங்களைச் சுண்ணாம்பு போட்டு ஆற்றி, நிறையத் தண்ணீரோடு கொட்டலாம். குழாய்களைக் கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

நோட்டில் ஒரு தண்ணீருக்கு ஒரு பக்கம். 'அதிகம்', 'குறைவு' என்று மட்டும் எழுதாமல் கண்ட நிறத்தையும் எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதையும் எழுதுங்கள். கொழுந்தனார் பக்கத்தில் மே மாதத்துக்குக் கீழே தை மாதக் கணக்கும் இருக்கிறது. 30 அடிப் பம்பு, வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, குளோரைடு 22 சொட்டு, மக்னீசியக் கீற்று தேய்த்து மூன்று நிமிடம் கழித்து மெல்லியதாக. குடிக்க இன்னும் நல்ல தண்ணீர் இல்லை, தென்னங்கன்றுக்குப் போதும். வருகிற மேயில், ஆறு வருவதற்கு முன், மறுபடி ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.